வெளி மேசை

மெல்பர்னின் பிரைட்டனுக்குக் குடிவந்து ஓராண்டு வரை எந்த கஃபேயிலும் நான் தனியாக உட்கார்ந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. சர்ச் ஸ்ட்ரீட்டில் நடைபாதையோரம் மேசை போட்டிருப்பார்கள், பார்த்தபடியே கடந்துவிடுவேன். எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சு ஆண்களுடையது. அந்தப் பழக்கமும் என்னோடு விமானம் ஏறியிருந்தது.

பிறகு செல்லி வந்தாள். காப்பகத்திலிருந்து எடுத்துவந்த நாய். டெண்டி ஸ்ட்ரீட் கடற்கரையின் வண்ணக் குடில்கள் தெரியும் இடம்வரை நடந்து திரும்புகையில் அவளுக்கு மூச்சிரைக்கும். அவளுடைய தண்ணீருக்காகத்தான் முதலில் ஒரு கடையில் நின்றேன்.

இந்நாட்டு உணவு விதிப்படி, கடைக்காரர் சம்மதித்தால் வெளி மேசையருகே நாய் இருக்கலாம். உள்ளே உதவி நாய்களுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே குளிர்காலத்திலும் விரிகுடாக் காற்றில் கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்போம். எனக்கு மெனு வருமுன் அவளுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வந்துவிடும். வெங்காயம் நாய்க்கு ஆகாது. அவளும் பங்குக்கு வருவாள் என்பதால் வெங்காயமில்லாத ஆம்லெட்தான் சொல்வேன். பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்து பெயர் கேட்பார்கள், அவளுடையதை. என் பெயரை இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“நாயோட ஓட்டல்லயா? நீ மட்டுமா?”

“ஆமாம்மா. நீ எப்பவாவது தனியா போயிருக்கியா?”

“நான் எதுக்குப் போறேன்?” என்றவர், சற்றுப் பொறுத்து, “காபி நல்லாருக்குமா?” என்றார்.

போன வாரம் செல்லிக்குக் காலில் கட்டு. வீட்டில் படுத்திருந்தாள். நான் மட்டும் போனேன். வழக்கமான பெண் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து, மேசைக்கடியில் தேடினாள். உள்ளே இடமிருக்கிறதா என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெங்காயம் போட்ட ஆம்லெட் சொன்னேன்.