வித்தா காசு வருமா, தம்பி?

அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். 2010 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மலாக்கா பாச்சாங் பக்கம் நான் சேல்ஸ்மேனாக இருந்த பழைய கார் கடை. வெளியே மகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா என் மேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை.

"தம்பி, நாளைக்கு ஒரு கஷ்டம்னு வந்து இதை வித்தா, போட்ட காசு வருமா?"

"வரும்மா. இந்த மாதிரி காருக்கு எப்பவும் ஆளு இருக்கு. வீடு வாங்கிப் போட்ட மாதிரி வச்சுக்குங்க" என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய் அது. என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. எந்தக் கார் என்ன விலைக்குக் கடைக்கு வந்தது, எத்தனை நாள் நின்றது, கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று என் கையாலேயே எழுதி வந்த நோட்டு. அதே மாதிரிக் கார்கள் மூன்று அதில் இருந்தன. மூன்றையும் கடைக்கு விற்க வந்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டுதான் போனார்கள். ஒன்று ஏழு மாதம் வெயிலில் நின்று, இரண்டு தடவை விலை குறைத்து, பிறகு ஜொகூருக்குப் போனது. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில், நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

கார், நிசான் ஃபேர்லேடி இசட். 3.5 லிட்டர், இரண்டே சீட்டு, ஜப்பானில் ஓடி, ரீகோனாக இங்கே இறங்கிய 2005ஆம் ஆண்டுத் தயாரிப்பு. விலை 138,000 வெள்ளி. மகனுக்கு இருபத்து நான்கு வயது. சுங்கை ஊடாங் பக்கம் ஓர் ஆலையில் குத்தகைக்கு வெல்டிங் வேலை. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் மாதங்களில் ஓவர்டைம் சேர்ந்து கை நிறையச் சம்பளம் வரும், மற்ற மாதங்களில் பாதிகூட வராது. வங்கிக்கு நான் அனுப்பியது ஓவர்டைம் மாதங்களின் மூன்று சம்பளச் சீட்டுகளை மட்டும். அவன் நான்கு மாதச் சீட்டுக் கொண்டுவந்திருந்தான். நான்காவதை நான்தான் மடித்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

முன்பணம் 28,000. அந்தத் துணிப்பையில் இருந்த வங்கிக் காசோலை அதுதான். அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, ஐம்பத்தைந்து வயதில் எடுத்த இபிஎஃப் பணம். அது எப்படிச் சேரும் பணம் என்று எனக்குத் தெரியாதா? நானும் தெபோங் பக்கத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு ஓடி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உளியும் வாளியுமாக நிரைக்குள் போன அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை. மழை வந்தால் அன்றைக்குப் பால் இல்லை, பால் இல்லையென்றால் கூலியும் தேய்ந்துவிடும். அந்தக் கூலியில் மாதாமாதம் பிடித்தது முப்பது வருடத்தில் சேர்ந்து இருபத்தெட்டாயிரம். மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் 1998இல் வைத்த விலை, இடத்தைப் பொறுத்து 25,000 முதல் 42,000 வரை. அந்தப் பையில் ஒரு வீட்டு விலை இருந்தது. லயத்தைக் காலி பண்ணச் சொன்னால் போய் ஒண்ட ஒரு வீடு. அந்த அம்மாவிடம் "வீடு வாங்கிப் போட்ட மாதிரி" என்று சொன்ன வாய் என்னுடையது.

இந்த மாதிரிக் கார் ஏன் விலை இறங்குகிறது என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்கிறேன்.

இங்கே ரோட் டேக்ஸ் எஞ்சின் அளவைப் பார்த்து ஏறும். 1.3 லிட்டர் மைவி வருடத்துக்கு 70 வெள்ளி கட்டுகிறது. 3,000 சிசியைத் தாண்டிய காருக்கு அடிப்படையே 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் நான்கரை வெள்ளி. இசட் 3,498 சிசி, கணக்குப் போட்டால் வருடத்துக்கு 4,371 வெள்ளி. கார் பழசானாலும் இது ஒரு காசு குறையாது. காரின் விலை பாதியாகிவிட்ட பிறகும் அதே 4,371ஐக் கட்டத் தயாராக இருக்கிற ஆளைத்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட காசுக்காரர் ஏன் பழைய இசட்டை வாங்க வருகிறார்?

வங்கி இன்னொரு பக்கம். வெளியில் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளாத இடம் இது. பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது அதன் எஞ்சினோ பெயிண்ட்டோ என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். அடுத்து வாங்கப்போகிறவனுக்கு வங்கி எவ்வளவு லோன் கொடுக்கும் என்பதுதான் விலை. கார் வயதாக ஆக லோன் தொகையும் குறையும், தவணைக் காலமும் குறையும். முன்பணம் ஏறும், மாதத் தவணையும் ஏறும். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேர் கையில் காசில்லாத இளைஞர்கள். லோன் கிடைக்காத அன்றைக்கு அவர்கள் ஆசை அப்படியே நிற்கும், வாங்கும் சக்தி போய்விடும். காரைச் சுற்றி நின்று படம் பிடிக்க இருபது பேர் வருவார்கள். கையெழுத்துப் போட ஒருவர் வரமாட்டார்.

இரண்டு சீட்டுக் காரில் பிள்ளைகுட்டியை ஏற்ற முடியாது. கல்யாணம் ஆனதும் விற்க வருகிறவர்களே அதிகம். இந்த மாடல், இசட் 33, ஜப்பானில் வெளிவந்தது 2002இல். 2008 கடைசியில் 3.7 லிட்டரில் அடுத்த இசட்டும் வந்துவிட்டது. அப்படியென்றால், அந்த அம்மா என் முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்தக் கார் ஏற்கனவே பழைய மாடல். அதையும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

விலை இறங்கும் என்று சொன்னால் பையன்கள் உடனே சத்ரியா ஜிடிஐயைக் காட்டுவார்கள். உண்மைதான். 1990களின் கடைசியில் வந்த அந்த 1.8 லிட்டர் புரோட்டோன், விலை இறங்கிக் கிடந்து பிறகு ஏறியது. கைபடாமல் அசலாக இருக்கும் வண்டியைத் தேடி அலைகிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் இடையில் எத்தனை வருடம் அது கேட்பாரற்றுக் கிடந்தது! அத்தனை வருடத்தில் எத்தனை வண்டிகள் மோதி நொறுங்கி, பிரித்து விற்கப்பட்டு, எஞ்சின் மாற்றப்பட்டுப் போயின! மிஞ்சிய சிலவற்றின் விலை அது. மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவனால் அத்தனை வருடம் காத்திருக்க முடியாது.

இனி லோன் கணக்கு. 110,000 வெள்ளி, ஏழு வருடம், வருடத்துக்கு நாலரை விழுக்காடு தட்டை வட்டி. வட்டி மட்டும் 34,650. மாதம் 1,722 வெள்ளி. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அப்போது வட்டியைத் தவணைகளில் சமமாகப் பிரிக்கவில்லை. 78 விதி என்று சொன்ன முறையில் முன்பக்கத்து மாதங்களில்தான் வட்டி கனமாக உட்கார்ந்தது. முதல் மாதம் கட்டிய 1,722இல் 815 வெள்ளி வட்டி. முப்பத்தாறு மாதம் கட்டிய பிறகு, கிட்டத்தட்ட 62,000 வெள்ளி கொடுத்த பிறகு, அசலில் கழிந்தது 38,757 மட்டும். வங்கிக்கு இன்னும் 71,000 சொச்சம் பாக்கி. கார் விலை இறங்கும் வேகத்துக்குக் கடன் இறங்காது. இந்தக் கணக்கை அன்றைக்கு நான் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம். என்னிடம் கால்குலேட்டர் இருந்தது. அதில் மாதத் தவணையை மட்டும் தட்டி அம்மா பக்கம் திருப்பிக் காட்டினேன்.

மறுவாரம் செங் சன்னாசிமலைக் கோயிலில் கார் பூசை. என்னையும் வரச் சொன்னான், போனேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அம்மா குனிந்து பின்சக்கரத்து டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "எவ்வளவு அகலம்!" என்றார். 1896இல் மலாயாவிலேயே முதல் ஆட்களில் ஒருவராக வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்ற சீனர். அந்த மரத்துப் பாலில்தான் எங்கள் சனம் மூன்று நான்கு தலைமுறை கிடந்தது. டயரைத் தொட்டுப் பார்க்க அந்த அம்மாவுக்கு இருந்த உரிமை அங்கே நின்ற வேறு யாருக்கும் இல்லை. சந்தனத்தைக் குழைத்து டேஷ்போர்டில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு பொட்டு வைத்தார். எனக்கு அன்று கமிஷன் கைக்கு வந்திருந்தது. பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவன் மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினான். அதைச் சொல்லியாக வேண்டும். ஊதாரி என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. 2013 தொடக்கத்தில் ஆலை வேலை குறைந்தது. அந்த ஜனவரியில்தான் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்ற சட்டம் அமலுக்கு வந்தது. அவன் தவணை அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. விற்கலாம் என்று நேராக என்னிடம் வந்தான். "அண்ணே, அம்மாகிட்ட சொன்னீங்களே, ஆளு இருக்குன்னு."

வந்த நேரமும் கெட்ட நேரம். மே 5 பொதுத் தேர்தலுக்கு முன்னால் இரண்டு கூட்டணியும் கார் விலையைக் குறைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தன. அப்போது ஆண்ட பாரிசான் கூட்டணியின் தேர்தல் அறிக்கையில் படிப்படியாக 20 முதல் 30 விழுக்காடு குறைப்போம் என்றிருந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் பொறுத்திருந்து பார்ப்போம் என்று கைகட்டி நின்றார்கள். 2012 ஜனவரியிலிருந்தே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி வங்கிகள் வருமானத்தைக் கறாராகப் பார்த்து லோன் கொடுக்க ஆரம்பித்திருந்தன. முதலாளியிடம் கேட்டுவிட்டு 58,000 என்றேன். அவன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த விலைக்குக் கொடுத்தால் வங்கிக் கடனை அடைக்க அவன் இன்னும் 13,000 போட வேண்டும். இல்லை என்று போனான். பிறகு இரண்டு தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை.

இரண்டு மாதத் தவணை தொடர்ந்து நின்றால், வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கி அறிவிப்பு அனுப்பி, 21 நாள் கழித்து காரை இழுத்துப் போகலாம். காரின் ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். முக்கால் பங்கு 103,500. முன்பணமும் தவணையுமாக அவன் கட்டியிருந்தது 90,000. அந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று வருட ரோட் டேக்ஸ் பணம். இந்த விதியெல்லாம் எனக்குத் தெரியும். அவன் போன் பண்ணியபோது எடுத்திருந்தால், வங்கிக்கு நேரில் போய்த் தவணையை மாற்றிக் கேள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

காரை லயத்து வாசலிலிருந்து இழுத்துப் போனார்கள். லேலோங் போட்டார்கள். ஏலத்தில் 52,000க்கு எடுத்தது எங்கள் கடை. எடுக்கலாம் என்று முதலாளிக்குச் சொன்னவன் நான். வண்டியின் வரலாறு எனக்குத் தெரியுமே, பாதி ராத்திரியில் ரேஸ் ஓட்டாத வண்டி, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய வண்டி.

கழுவும் பையன் டேஷ்போர்டைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். சந்தனப் பொட்டு இரண்டும் போய்விட்டன, ஆனால் வெயிலில் மூன்று வருடம் காய்ந்ததில் அந்த இடம் மட்டும் வட்டமாக நிறம் மாறியிருந்தது. "போகலண்ணே" என்றான். கறுப்புப் பாலிஷ் போடச் சொன்னேன். போட்டும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. இரண்டு மாதத்தில் 68,800க்கு விற்றேன். அதே காருக்கு இரண்டாவது கமிஷன்.

ஏலப் பணம் போக மிச்சக் கடன், இழுத்த கூலி, வைத்திருந்த வாடகை என்று இருபதாயிரத்துக்கு மேல் வக்கீல் நோட்டீஸ் போனது. அவனுக்கு மட்டுமில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அவன் அக்கா, பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலை ஊழியர். அவள் பேரில் வீட்டு லோன் கேட்டபோது இந்தக் கடனைக் காட்டி வங்கி மறுத்துவிட்டது. ஜாமீன் கையெழுத்துக்கு அவளையும் என் மேசை முன்னால் உட்காரவைத்தவன் நானே. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று சொன்னதாக ஞாபகம்.

நான் கார் தொழிலை விட்டு இப்போது சில வருடமாகிறது. நீல நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்தக் காருக்கான பக்கத்தில் இரண்டு வரி: 138,000. 68,800. இரண்டுக்கும் எதிரே என் கமிஷன்.

2019இல் மெர்லிமாவ் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மகளோடு வாடகை வீட்டில் இருப்பதாகச் சொன்னார். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவர்தான். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்லா இருக்கியா தம்பி" என்றார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கையில் முருங்கைக்கீரைக் கட்டு. போகத் திரும்பியவர் நின்று கேட்டார்:

"அந்தக் கார் இப்ப யாருகிட்ட இருக்குன்னு தெரியுமா? நல்லா வச்சிருக்காங்களா?"

"தெரியலம்மா" என்றேன்.

மூவாரில் இருக்கிறது. விற்றவன் நான்.