பனிமலைப் பாதைக்குப் புறப்படுமுன்

தலைநகரில் வாழும் நம் சங்கத்து இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளில் லடாக் செல்ல எண்ணியிருப்பதாகக் கேள்வியுற்று மகிழ்ந்தோம். 2022ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அதே ஆவலுடன் புறப்பட்டு, லே நகரைக் காணாமலே திரும்பியவர்கள் நாங்கள் இருவர். ஆதலின் இதுபற்றிச் சில சொற்கள் கூற எங்களுக்கு உரிமை உண்டென்று கருதுகிறோம்.

எங்கள் வண்டி ஒரு பழைய புல்லட். 1955இல் சென்னைத் திருவொற்றியூரில் தோன்றிய தொழிற்சாலையின் வழிவந்ததாகையால், அதனிடம் எங்களுக்கு ஊர்ப்பாசமும் சிறிது உண்டு. ஒரு மாதம் முன்னரே கரோல் பாகில் ஒரு மிஸ்திரியை அணுகினோம். எண்ணெய் மாற்றுவது, செயினின் தொய்வைச் சரிசெய்வது, பிரேக் பார்ப்பது ஆகியவற்றை அவரே செய்தார். பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றும் வேலையை மட்டும் எங்கள் கையில் விட்டுவிட்டு, ஸ்டூலில் அமர்ந்து தேநீர் அருந்தினார்! முதல் முறை இரண்டு மணி நேரம் பிடித்தது. நான்காம் முறை அரை மணியில் முடித்தோம். மாற்றுக் கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளை ஒட்டியே கட்டிவைக்கச் சொன்னவரும் அவரே. வழியில் அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். உயரத்தில் காற்று மெலிவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் விகிதம் மிகுந்து பிளக்கில் கரி ஏறும். அதற்காக இரண்டு பிளக்குகள். ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன்கள் இரண்டு.

வண்டியின் மூச்சைப் பற்றி இத்துணை எண்ணிய நாங்கள், எங்கள் மூச்சைப் பற்றி எண்ணவேயில்லை.

மணாலிக்கு அப்பால், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயின்மீது ஏறி இறங்கும் பாட்டைப் போக்கி 46 கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சமே எங்களை ஏமாற்றியது. இரவு தங்க எண்ணியிருந்த ஜிஸ்பாவை நண்பகலிலேயே அடைந்துவிட்டோம். இன்னும் சற்றுப் போவோமே என்று தோன்றிற்று. பனியுருகிப் பெருகிய ஓடைகளை நனைந்து கடந்து (அவற்றைக் காலையில் கடப்பதே முறை), பாராலாச்சா கணவாயைத் தாண்டி, மாலையில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட சர்ச்சுவில் கூடாரம் புகுந்தோம். மணாலியோ 2,000 மீட்டரை ஒட்டியது. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர் கூறும் விதி.

நள்ளிரவில் எங்களுள் மூத்தவருக்குத் தலை பிளந்தது, வாந்தி நிற்கவில்லை.

"அண்ணா, விடிந்ததும் இறங்கிவிடலாம்."

"லே இன்னும் ஒரு நாள்தானே, தம்பி!"

இறங்குவதும் எளிதன்று. சர்ச்சு கணவாய்களுக்கு இடைப்பட்ட இடம். கீழே வர வேண்டுமானாலும் முதலில் பாராலாச்சாவின் 4,800 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். இதை நாங்கள் வரைபடத்தில் முன்னரே பார்த்திருக்கலாம். விடிந்ததும் லாரி ஓட்டுநர் ஒருவர் மூத்தவரைத் தம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். இளையவர் வண்டியில் பின்தொடர்ந்தார். கேலாங்கில் பிராணவாயு கொடுத்தார்கள். மாலையில் அவர் கஞ்சி கேட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

விடுமுறை முடிந்தது. கேன்களில் இருந்த பெட்ரோல் தில்லி திரும்பும் வழியில் செலவாயிற்று. மாற்றுக் கேபிள் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. புறப்படும் இளைஞர்கள் கேட்டால் மனமுவந்து கழற்றித் தருவோம். ஜிஸ்பாவில் இரண்டு இரவுகள் தங்குவதாக அவர்கள் வாக்களிக்க வேண்டும்.