பேச்சு அறுந்தால் மோட்டார் என்ன செய்யும்?

காரைக்கால் பக்கத்து நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தேன். ஈரப்பத விசிறிகளின் டிரைவ்களுக்கு மோட்பஸ் கார்டு மாட்டினார்கள். 1979-இல் அமெரிக்காவின் மோடிகான் கம்பெனி கொண்டுவந்த முறை. இரண்டே கம்பி, இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். அறையில் இருந்தபடியே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நம்மூர் உப்புக்காற்று சும்மா விடுமா? ஐப்பசி மழையில் பச்சை பூத்த டெர்மினல் கத்திரி வெயிலில் கைவிட்டது. தொடர்பு போனால் நின்றுவிடும்படி டிரைவை செட் செய்திருந்தார்கள், கார்டு மாட்டியவர்கள். விசிறி நின்றது, ஷெட் காய்ந்தது, நூல் அறுந்துகொண்டே இருந்தது. சைடு பார்த்த பெண்களுக்கு இழை ஒட்டியே கை ஓய்ந்தது. உற்பத்தி குறைந்ததற்கு மெமோவும் அவர்களுக்குத்தான்!

கன்வேயர் என்றால் நிற்பது சரி. விசிறி ஓடவேண்டும். கடைசி வேகத்திலேயே ஓடும்படி அன்றிரவே மாற்றினேன். மெமோவைத் திரும்ப வாங்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று.