மூட்டைக்கு மார்க்கு

எங்க பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டைன்னு சொல்வோம். பிடுங்கி, ஆய்ஞ்சு, காயவெச்சு, சாக்குல பிடிச்சு கமிட்டிக்கு ஏத்துவோம். கமிட்டின்னதும் நகரத்து நண்பர்கள் விசாரணைக் கமிட்டின்னு நினைச்சிடாதீங்க. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு எங்க ஊர்ல அதுதான் பேரு. சீசன்ல அங்கே அடுக்குற மூட்டை எல்லாமே ஒரே நிறச் சணல் சாக்கு. எது யாருதுன்னு சொல்றது மேல இருக்கற மார்க்குதான்.

எங்க வீட்டு மார்க்கு ஒரு வட்டம், உள்ளே 'வ'. தாத்தா பேரோட முதல் எழுத்து. தகரத்துல உளி வெச்சு வெட்டினது. சாக்கு மேல வெச்சு, துணியில காவியைத் தொட்டு ஒத்தினா மார்க்கு விழுந்திடும். அந்த 'வ' இருந்தா காய் நல்லா காஞ்சிருக்கும்னு வியாபாரிகளுக்கு ஒரு நம்பிக்கை. அது அப்பா சம்பாதிச்சது.

போன வருஷம் நானும் தம்பியும் பாகம் பிரிஞ்சோம். நிலத்தை அளந்தாச்சு, கிணத்துத் தண்ணிக்கு முறை வெச்சாச்சு. தகரம் ஒண்ணுதானே இருக்கு? அது தம்பிகிட்ட போச்சு. "நீயும் வட்டத்துக்குள்ள 'வ'வே போடுண்ணா, தாத்தா ரெண்டு பேருக்கும்தானே"ன்னான். மனசு நல்ல மனசுதான். ஆனா ரெண்டு வீட்டு மூட்டையும் ஒரே மார்க்குல இறங்கினா, சாயங்காலம் காசு எண்ணும்போது அந்த மனசு அப்படியே இருக்குமா? அதனால 'வ' அப்படியே, வட்டத்துக்குப் பதிலா சதுரம்னு முடிவு பண்ணினேன்.

உளி பிடிச்சு தகரம் வெட்ட இப்ப எங்க ஊர்ல ஆள் இல்லை. டவுன் பட்டறையில மெஷின் வெட்டுது, அதுக்குக் கம்ப்யூட்டர் படம் வேணும். இங்க்ஸ்கேப்ல வரைஞ்சேன். 2003ல இருந்து இலவசமாவே கிடைக்கற மென்பொருள்.

இதுல முக்கியமான சங்கதி ஒண்ணு. கறுப்புச் சதுரத்து மேல வெள்ளையா 'வ' வெச்சா, திரையில ஓட்டை மாதிரியே தெரியும். ஆனா அது ஓட்டை இல்லை, கிழிசலை மறைச்ச ஒட்டுத்துணி. சந்தேகமா இருந்தா அடியில ஒரு மஞ்சள் கட்டம் போட்டுப் பாருங்க. நிஜ ஓட்டைன்னா மஞ்சள் தெரியணும். கிளிப், மாஸ்க் ரெண்டும்கூட மறைச்சுத்தான் வைக்கும், வெட்டாது. பார்வைக்கு மட்டும்னா அது போதும். மெஷினுக்குக் கோடே மாறணும்.

கோட்டையே மாத்தறது பாத் மெனுவுல இருக்கற டிஃபரன்ஸ். ரெண்டு உருவத்தைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினா, மேல இருக்கறது கீழ இருக்கறதை வெட்டிட்டு மறைஞ்சிடும். கன்ட்ரோலும் மைனஸும் அழுத்தினாலும் அதேதான். மேல் கீழ் மாறியிருந்தா பேஜ் அப், பேஜ் டவுன் தட்டி மாத்திக்கலாம். பெரிய சதுரத்து மேல சின்னச் சதுரம் வெச்சு வெட்டினேன், சட்டம் வந்திடுச்சு. எழுத்தை முதல்ல ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து உருவமா மாத்தணும். மாத்தினா குரூப்பா வரும், அன்குரூப் பண்ணிக்கணும். அப்புறம் அதைத் திருத்தி டைப் அடிக்க முடியாது. அதனால கன்ட்ரோல் டி அழுத்தி ஒரு நகல் எடுத்து ஓரமா வெச்சுக்குங்க, விதைநெல் மாதிரி.

இனிமேதான் தாத்தா காலத்துத் தகரம் சொல்லிக்கொடுத்த பாடம். 'வ'வோட சுழிக்கு நடுவுல இருக்கற துண்டு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? எழுத்தை வெட்டினதும் அது உதிர்ந்திடும். 'ட', 'ப' எல்லாம் சாது, உள்ளே அடைபட்ட இடம் கிடையாது. 'வ', 'க' மாதிரி சுழி உள்ளதுங்கதான் வம்பு. சட்டம் அதைவிட மோசம், சுத்தி வெட்டினா எழுத்தோட சேர்ந்து நடுத்தகரமே கீழே விழுந்திடும். பழைய தகரத்துல வட்டம் நாலு இடத்துல விட்டுவிட்டு இருக்கும். சின்ன வயசுல அதை அழகுக்குன்னு நினைச்சிருந்தேன். பாலம் அது.

பாலத்துக்கும் அதே டிஃபரன்ஸ்தான். எழுத்தையும் சட்டத்தையும் யூனியன் கொடுத்து ஒண்ணாக்கிக்கிட்டேன். மேல 3 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒண்ணொண்ணா வெச்சு வெட்டினேன். சட்டத்துக்கு நாலு பாலம், சுழிக்கு ரெண்டு. சுழிக்கு ஒண்ணே போதும்தான், ஆனா காவித்துணி அழுத்தறப்போ நடுத்துண்டு நாக்கு மாதிரி தூக்கிக்கும். கடைசியா எல்லாத்தையும் தகட்டு அளவு செவ்வகத்து மேல தூக்கி வெச்சு இன்னொரு டிஃபரன்ஸ். அடியில மஞ்சளைப் போட்டுப் பார்த்தேன். 'வ' மஞ்சளா நின்னுது.

பட்டறையில டிஎக்ஸ்எஃப் கோப்பா கேட்டாங்க, அதுலயே சேமிச்சுக் கொடுத்தேன். தகடு வந்ததும் ஓரத்தையெல்லாம் அரத்தால தேய்ச்சேன், இல்லன்னா விரலைப் பதம் பார்த்திடும்.

தம்பி வந்து வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பார்த்தான். தரையில வெயில் 'வ'வா விழுந்துது. "பாலத்தைக்கூட விடாம வெச்சிருக்கியேண்ணா"ன்னான். பழைய தகரத்துல ஒரு பாலம் துருப்பிடிச்சு ஆடுதாம். அவனுக்கும் ஒண்ணு வரைஞ்சு தரச் சொல்லியிருக்கான். நகல் ஓரமா இருக்கு, சதுரத்தை எடுத்துட்டு வட்டத்தைப் போட்டா ஆச்சு. அடுத்த வாரம் மூட்டை ஏத்தறதுக்குள்ள முடிச்சிடணும்.