பயம் காட்டுகிறவர்களின் பொறுப்பு

சித்திரை பிறந்தால் மதுரைக்காரர்களுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதும் உண்டு, பொருட்காட்சியும் உண்டு. தமுக்கம் மைதானத்தில் டெல்லி அப்பளம் தின்று, ராட்டினம் ஏறி, பேய் வீட்டுக்குள் அலறி வளர்ந்தவர்கள் நாங்கள். புதிரை அவிழ்த்துப் பூட்டிய அறையிலிருந்து வெளியேறும் ‘எஸ்கேப் ரூம்’ விளையாட்டை 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் தக்காவோ காட்டோ தொடங்கிவைத்தார். இன்று அதிலும் பேய்க்கதைகள் வந்துவிட்டன. பணம் கொடுத்துப் பயப்படும் இந்தக் கலையில் நம் பக்கத்து மூத்தவர்கள் பொருட்காட்சிப் பேய் வீட்டுக்காரர்கள்தான். மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாத் திடலில் அவர்கள் கூடாரம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெயில் தாழும் முன்பே போய்விட்டேன்.

சவுக்குக் கம்பு, தகரம், கறுப்புத் துணி. இவ்வளவுதான் வீடு. நாலு எட்டில் கடந்துவிடக்கூடிய இடத்தைத் தடுப்பு வைத்து வளைத்து வளைத்து நீட்டியிருந்தார்கள். அடுத்து என்ன என்று கண்ணுக்குத் தெரியாதவரை மனசு தானாகவே எதையாவது கற்பனை செய்துகொள்ளும். எலும்புக்கூட்டின் கையை ஆட்டுவது பழைய கார் வைப்பர் மோட்டார். கால் புதைகிற இடத்தில் பாய்க்கு அடியில் பஞ்சு மெத்தை.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்து பழகிய ஒருவர் காகிதக்கூழ் முகம் ஒன்றுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டியது வெளிப்புறத்தை அல்ல, குழிந்த உட்புறத்தை. அதைச் சுவரில் பதித்துக் கீழிருந்து சின்ன விளக்கு போட்டதும், குழிந்த முகம் புடைத்துத் தெரிந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம் திரும்பியது. 1969-ல் திறந்த டிஸ்னிலாந்தின் பேய் மாளிகையிலும் பார்வையாளரைத் தொடரும் சிலைகளுக்கு இதே உத்திதான்.

வேஷம் கட்டுகிறவர் சொன்ன தொழில் நுணுக்கம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. “முன்னால பாஞ்சா கூட்டம் பின்னாடி ஓடும்ணே. கடைசியா வர்ற புள்ளைய மிதிச்சுப்புடும். பின்னால இருந்து வெரட்டுனா வாசலப் பாத்து ஓடும்.” பயம் எந்தத் திசையில் ஓடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரவு ஆட்டத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். பெரியவன் கத்திக்கொண்டே முன்னால் ஓட, சின்னவள் நடுவழியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். சட்டென்று முகமூடி மேலே ஏறியது. “பாப்பா, மாமாதான்டா, பயப்படாத” என்று அவளைப் பக்கத்துத் திரை வழியாக வெளியே கொண்டுவந்து விட்டார். ரப்பர் முகமூடிக்குள் முகமெல்லாம் வியர்வை. பயத்தில் கை நீட்டுகிறவர்கள் போக, வேண்டுமென்றே குத்துகிற இளவட்டங்களும் உண்டாம். சட்டையை விலக்கித் தோளில் கன்றிப்போன இடத்தைக் காட்டினார்.

அந்தப் பக்கத்துத் திரைதான் இந்தத் தொழிலின் உயிர். 2019 ஜனவரியில் போலந்தின் கொசாலின் நகரில், எஸ்கேப் ரூமில் பிடித்த தீயிலிருந்து வெளியேற முடியாமல் 15 வயதுச் சிறுமிகள் 5 பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் ராஜ்கோட் விளையாட்டு மையத் தீயில் 25-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துணியும் தற்காலிக மின்வயரும் இருட்டும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். நான் பார்த்த கூடாரத்தில் மணல் வாளியும், டார்ச்சோடு ஒரு ஆளும், திரை மறைத்த வெளிவழியும் இருந்தன. எல்லாக் கூடாரத்திலும் இருக்கும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

அனுமதி கொடுக்கும் அதிகாரிகள், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை அந்த வழியில் நடந்து பார்க்க வேண்டும். டிக்கெட் விற்கிறவர்கள் வேஷக்காரர்களுக்கு மூச்சு வாங்க நேரமும், அடிபட்டால் மருத்துவச் செலவும் தர வேண்டும். உள்ளே போகும் நாம் அவர்கள் மேல் கை வைக்கக் கூடாது. நம்மைப் பயமுறுத்திப் பத்திரமாக வெளியே அனுப்புகிற கைத்தொழிலாளிகளுக்கு இந்த மரியாதை சேர வேண்டும்.