பொன்னை வேண்டாத கல்

பழைய கல்லட்டிகை ஒன்றைக் கோவைப் பெரிய கடைவீதியில் கண்டவுடன் கற்களை விட்டுவிட்டுப் பொன்னின் எடையையே முதலில் விசாரிக்கும் நம் சுபாவம் எவ்வளவு பிற்பட்டது என்பது, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி எழுதிவைத்ததைப் படிக்கும்போது விளங்குகிறது. நீண்ட உருவமுள்ள பெரில் கற்களின்மீது இந்திய ஜனங்களுக்கு அபாரப் பிரியம் என்றும், பொன்னின் துணையின்றி அணியத்தக்க இரத்தினம் அது ஒன்றே என்று கருதி, துளையிட்டு யானைமயிரில் கோத்துக்கொள்வார்கள் என்றும் அவர் கூறுகிறார். (யானைமயிரை அவர் நேரில் கண்டிருப்பாரோ என்பதில் எனக்குச் சந்தேகமே.)

கடல்நீரின் பசுமை கொண்ட அந்தக் கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் விளைந்தது. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலிலோ, 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், பெரிலும் பளிங்கும் சூதுபவளமுமாக மணிகள் மட்டுமன்றி, வேலை முடியாமல் பாதியில் நின்றுபோனவையும் வெளிப்பட்டு, அது வெறும் சந்தையன்று, தொழிற்கூடம் என்பதை நிரூபித்தன. சூதுபவளத்தின் மூலக்கல் இப்பக்கம் கிடையாது. கூர்ஜரத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர் துணிபு.

ஆகையால் பழைய மணிமாலை எதுவாயினும், ஒளியைப் பார்ப்பதற்கு முன், இருமுனையிலிருந்தும் துளைத்து நடுவே சந்திக்கவைத்த அந்தத் துவாரத்தையும், நூல் உராய்ந்து தேய்ந்த அதன் விளிம்பையுமே நான் முதலில் பார்க்கிறேன். எடையைக் கடைக்காரர் சொல்லிக்கொள்ளட்டும்.