ஏடேறிய உணவு

இலண்டன் மாநகரில் ஹைட் பூங்காவையொட்டி நிற்கும் மாண்டரின் ஓரியண்டல் விடுதியில், ஹெஸ்டன் புளூமெந்தால் என்பார் 2011ஆம் ஆண்டு தொடங்கிய 'டின்னர்' என்னும் உணவகத்தில் யாம் ஒருகால் உணவருந்தினோம். கிச்சிலிப்பழம்போல் தோன்றிய ஒன்றைக் கத்தியாற் பிளக்க, உள்ளே கோழியீரல் விழுது இருந்தது! உணவுப் பட்டியலில் அதனருகே, ஏறத்தாழ 1500 என ஆண்டு குறித்திருந்தனர். சுட்ட அன்னாசியோடு வந்த இனிப்புக்கு 1810.

விலை பெரிது. எனினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது சுவையன்று, அவ்வாண்டுகளே. 1890இல் அந்நகரின் சவாய் விடுதி அடுக்களைக்குத் தலைவராக அமர்ந்தவர் எஸ்காஃபியே என்னும் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுச் சமையலே உயர்ந்ததென அன்று போற்றிய ஆங்கிலச் செல்வரின் வழியினர், இன்று தம் முன்னோர் உணவைப் பெருமையோடு உண்கின்றனர். இஃது எங்ஙனம் இயன்றது? முன்னோர் தம் சமையலை எழுதிவைத்தமையாலன்றோ!

நமது மிளகுத்தண்ணீரும் 'மல்லிகடானி' எனப் பெயர் திரிந்து, எலிசா ஆக்டன் அம்மையார் 1845இல் வெளியிட்ட சமையல் நூலில் ஏறியுள்ளது. அதனை முதலிற் காய்ச்சிய தமிழ்க் கைகளின் பெயரை எழுதியவர் யார்?

நேயர்களே! தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் நம் பாட்டிமார் அறிந்த கூழும் குழம்பும் அவர்களோடு மறைந்தொழியுமுன், எழுத்தறிந்த ஆடவரும் பெண்டிரும் அருகமர்ந்து கேட்டு, அவர்தம் பெயரோடு எழுதிவைத்தல் வேண்டும்.